பொதுக் கணினி உள்ள வீடுகளுக்கு ஒரு திறந்த மடல்

ஒரே கணினியை அப்பா, அம்மா, பிள்ளைகள் என எல்லோரும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் குடும்பங்களுக்கு,

தமிழ்நாட்டு நடுத்தரக் குடும்பங்களில் கணினி ஒருவருக்காக வாங்கப்பட்டு எல்லோருக்கும் உரியதாகிறது. மகளின் பொறியியல் படிப்புக்கென வந்த லேப்டாப்பில்தான் அப்பா வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்கிறார், அம்மா மின்கட்டணம் கட்டுகிறார், தம்பி விளையாடுகிறான், ஊரிலிருந்து வந்த சித்தப்பா தட்கலில் ரயில் டிக்கெட் போடுகிறார். 2011-இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் பல வீடுகளுக்கு முதல் கணினியைக் கொண்டுசேர்த்தது. அதுவும் மாணவர் பெயரில் வந்து குடும்பச் சொத்தாகவே புழங்கியது. ஆனால் இன்றைய உலாவியும் மின்னஞ்சலும் கைப்பேசிச் செயலிகளும் ஒரு கருவிக்கு ஓர் ஆள் என்ற அனுமானத்தில் உருவானவை. கருவியைத் தொடுகிற எல்லோரையும் ஒரே ஆளாகவே அவை எடுத்துக்கொள்கின்றன. வீட்டாருடைய பெரிய பயம் வைரஸ். அடுத்தது, கேமரா வழியே எட்டிப்பார்க்கும் யாரோ ஒருவன். தகவல் கசிவு பெரும்பாலும் அங்கே இல்லை. கருவியின் அனுமானமும் வீட்டின் வழக்கமும் ஒட்டாத இடங்களில்தான் அது நடக்கிறது.

முதல் இடம், கணினியைத் திறந்ததும் வரும் பயனர் கணக்கு. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலுமே வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு போட்டுக்கொள்ளலாம். செலவு ஏதும் இல்லை. கணக்கு தனியானால் கோப்புகள், பார்த்த தளங்களின் பட்டியல், சேமித்த கடவுச்சொற்கள் எல்லாம் தனித்தனியாகிவிடும். கணினியை வாங்கிவந்த அன்று உருவாகும் முதல் கணக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு; மென்பொருளை நிறுவவும் கணினியின் அமைப்பையே மாற்றவும் அதற்கு அதிகாரம் உண்டு. பெரும்பாலான வீடுகளில் அந்த ஒரு கணக்கில்தான் எல்லோரும் நுழைகிறார்கள். விளையாட்டு ஒன்றைத் தேடி எங்கிருந்தோ எதையோ இறக்கும் பத்து வயதுப் பையனுக்கும் அப்போது கணினியின் முழு அதிகாரம் கிடைக்கிறது; அவன் 'ஓகே' அழுத்தியதும் இறங்கிய நிரலுக்கும் அதே அதிகாரம் போகிறது. அன்றாடப் புழக்கத்துக்கு ஸ்டாண்டர்டு கணக்கு, நிறுவல் வேலைக்கு மட்டும் அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு என்று பிரிப்பது, காசு கொடுத்து ஆண்டுதோறும் புதுப்பிக்கும் வைரஸ் தடுப்பு மென்பொருளைவிடப் பெரிய காப்பு. விண்டோஸிலேயே டிஃபெண்டர் எனும் வைரஸ் தடுப்பு இருக்கிறது. வீட்டுக்கு அது போதும்.

பிரிப்பதற்கு எதிராக வீடுகளில் எழும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "நமக்குள்ள என்ன ஒளிவுமறைவு?" பாசத்தில் வரும் கேள்வி, ஆனாலும் அதில் பிசகு இருக்கிறது. உடம்பில் தட்டுப்பட்ட கட்டியைப் பற்றி டாக்டரிடம் போகும் முன் படித்துப் பார்க்கிற அம்மாவும், தவணை தவறிய கடனைப் பற்றித் தேடுகிற அப்பாவும், மனநல ஆலோசகரின் முகவரி தேடுகிற கல்லூரி மகனும் குற்றம் எதையும் மறைக்கவில்லை. யாரிடம், எப்போது சொல்வது என்பதைத் தாங்களே முடிவுசெய்ய நினைக்கிறார்கள், அவ்வளவுதான். தேடல் பெட்டியில் ஓர் எழுத்தைத் தட்டியதுமே பழைய தேடல்கள் வரிசையாக வந்து விழும் பொதுக் கணக்கில் அந்த முடிவு அவர்கள் கையில் இல்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு புட்டசாமி வழக்கில் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 2023-இல் நாடாளுமன்றம் இயற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, சொந்தத் தேவைக்கும் வீட்டுத் தேவைக்கும் ஒருவர் கையாளும் தரவுக்குத் தான் பொருந்தாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. நிறுவனங்களுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கும் சட்டம் வீட்டு ஹாலுக்குள் வருவதில்லை. வரவும் கூடாது. அங்கே ஒரு தனிக் கணக்கும், அதை எட்டிப்பார்க்காத பெரியவர்களின் நாகரிகமும்தான் கைகொடுக்கும்.

உலாவியில் சிக்கல் இன்னும் நுணுக்கமானது. குரோமில் யாராவது தன் கூகுள் கணக்கில் நுழைந்து 'சிங்க்' செய்ய ஒப்புக்கொண்டால், அவருடைய கைப்பேசியில் சேமித்திருந்த கடவுச்சொற்களும் பார்த்த தளங்களும் பொதுக் கணினிக்கு வந்துவிடும். மற்றவர்கள் அங்கே தேடுவதெல்லாம் அவர் கணக்கில் போய் ஏறும். அப்பா மூட்டுவலித் தைலம் தேடினால் மகளின் கைப்பேசியில் தைல விளம்பரம் வருவதற்கு இது ஒரு காரணம். வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளும் ஒரே வைஃபை வழியாக, வெளியே ஒரே இணைய முகவரியோடு தெரிவதும் இன்னொரு காரணம். கைப்பேசி பேச்சை ஒட்டுக்கேட்கிறது என்று பலர் அடித்துச் சொல்வதற்கு இப்படிப்பட்ட கலப்பே போதுமான விளக்கம். கடவுச்சொல் விஷயம் இதைவிடக் கவலைக்குரியது: உலாவியில் சேமித்தவற்றைத் திறந்து பார்க்கக் கணினியின் பின் எண் போதும், அந்த எண் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். உலாவிக்குள்ளேயே ஆளுக்கொரு 'புரொஃபைல்' வைத்துக்கொள்ளலாம். அது பூட்டு அல்ல, வெறும் தடுப்புதான். இருந்தாலும் கலப்பு நின்றுவிடும்.

தளங்கள் ஆளை நினைவில் வைப்பது குக்கி எனும் சிறு குறிப்பின் வழியாக. 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் வேலை பார்த்த லூ மொன்டுல்லி அதை உருவாக்கினார். இணையக் கடையில் தேர்ந்தெடுத்த பொருள் அடுத்த பக்கம் போனதும் மறந்துவிடக் கூடாது என்பதே அன்றைய தேவை. பிறகு விளம்பர நிறுவனங்கள் ஆயிரக்கணக்கான தளங்களில் தங்கள் நிரல் துண்டைப் பதித்தபோது, தளத்துக்குத் தளம் ஒரே ஆளைப் பின்தொடரும் கருவியாக அது மாறியது. ஆப்பிளின் சஃபாரி 2020 மார்ச்சில் இத்தகைய மூன்றாம் தரப்புக் குக்கிகளை முழுவதுமாகத் தடுத்தது. குரோமிலிருந்து அவற்றை நீக்கப்போவதாக அதே ஆண்டு அறிவித்த கூகுள், பலமுறை தள்ளிப்போட்டு, 2024-இல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. விளம்பர வருமானத்தில் நடக்கும் நிறுவனமே உலாவியையும் தரும்போது வேறு எதை எதிர்பார்ப்பது?

உலாவியின் 'இன்காக்னிடோ' சாளரத்தின் மீது வீடுகளில் உள்ள நம்பிக்கை அளவுக்கு மீறியது. அந்தச் சாளரத்தை மூடியதும் தேடல் வரலாறும் குக்கிகளும் அந்தக் கணினியிலிருந்து அழிகின்றன. அது செய்வது அவ்வளவே. பொதுக் கணினியில் அது பயனுள்ளதுதான், குறிப்பாக விருந்தாளி தன் மின்னஞ்சலைப் பார்க்க விரும்பும்போது. ஆனால் இணைய இணைப்பு தரும் நிறுவனமும் போய்ப் பார்த்த தளமும் அந்த வருகையை அறியும். இன்காக்னிடோவிலும் கூகுள் தரவு சேகரித்தது என்று 2020-இல் அமெரிக்காவில் தொடுத்த வழக்கு, கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்க அந்நிறுவனம் 2024-இல் ஒப்புக்கொண்டதில் முடிந்தது. குக்கியே இல்லாமலும் ஆளை அடையாளம் காண முடியும். எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் எனும் இணைய உரிமை அமைப்பு 2010-இல் வெளியிட்ட ஆய்வில், சோதனைக்கு உட்பட்ட உலாவிகளில் 83.6 விழுக்காடு, எழுத்துருக்கள், திரை அளவு, நேர மண்டலம் போன்ற சாதாரண விவரங்களைக் கொண்டே மற்றவற்றிலிருந்து தனித்துத் தெரிந்தன. தமிழ் எழுத்துருக்களைத் தானே தேடி நிறுவியவரின் கணினியும் இந்தக் கணக்கில் ஓர் அடையாளத்தைச் சுமக்கிறது.

தேடல் சொற்கள் எவ்வளவு பேசும் என்பதற்கு ஏஓஎல் எனும் அமெரிக்க இணைய நிறுவனத்தின் விவகாரம் சான்று. 2006 ஆகஸ்டில் அந்நிறுவனம் ஆராய்ச்சியாளர்களுக்கு உதவியாக, ஆறரை லட்சம் பயனர்களின் மூன்று மாதத் தேடல்களைப் பெயருக்குப் பதில் எண் போட்டு வெளியிட்டது. சில நாள்களிலேயே நியூயார்க் டைம்ஸ் செய்தியாளர்கள் ஓர் எண்ணுக்குரிய மூதாட்டியின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். ஊர்ப் பெயரும் உறவினரின் குடும்பப் பெயரும் உடல்நலக் கேள்விகளும் சேர்ந்தபோது எண் ஒரு முகமாகிவிட்டது. ஃபயர்பாக்ஸ் உலாவியில் யூபிளாக் ஆரிஜின் எனும் இலவச நீட்சியைப் போட்டுக்கொள்வது தளத்துக்குத் தளம் நடக்கும் பின்தொடர்தலைப் பெருமளவு குறைக்கும். குரோம் தன் நீட்சி விதிகளை மாற்றியபின் அங்கே அதன் சுருங்கிய வடிவம்தான் கிடைக்கிறது. யூடியூப் விளம்பரங்களில் விற்கப்படும் விபிஎன் சேவைகள் வீட்டுக்குப் பெரிதாகத் தேவையில்லை. இணைய நிறுவனத்தின் மீதிருந்த நம்பிக்கையை இன்னொரு நிறுவனத்தின் மீது மாற்றிவைப்பதைத் தாண்டி அவை அதிகம் செய்வதில்லை; வங்கித் தளத்துக்கான பூட்டு ஏற்கெனவே தளத்திலேயே இருக்கிறது.

கடவுச்சொல் பற்றிய அறிவுரைகளில் பாதி காலாவதியானவை. பெரிய எழுத்து ஒன்று, எண் ஒன்று, குறி ஒன்று, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றம் என்ற விதி, அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2000-களின் தொடக்கத்தில் வெளியிட்ட ஆவணத்திலிருந்து உலகெங்கும் பரவியது. அதை எழுதிய பில் பர், பின்னாளில் அந்த அறிவுரைக்காக வருந்துவதாகச் சொன்னார். விதிக்குப் பயந்து மக்கள் செய்ததெல்லாம் பிள்ளையின் பெயரோடு ஒரு குறியையும் 123-ஐயும் சேர்த்ததுதான். 2017-இல் நிஸ்ட் தன் போக்கை மாற்றிக்கொண்டது: நீளமே முக்கியம், கசிந்ததாகத் தெரிந்தால் ஒழியக் கட்டாய மாற்றம் வேண்டாம். அதைவிட முக்கியமான ஒன்று, ஒரே கடவுச்சொல்லை இரண்டு இடத்தில் வைக்காமல் இருப்பது. லிங்க்ட்இன்னில் 2012-இல் திருடுபோன கடவுச்சொற்களின் பெரும்பட்டியல் 2016-இல் விற்பனைக்கு வந்தபோது, அவற்றை மற்ற தளங்களில் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்ப்பது திருடர்களுக்கு எளிய வேலையாக இருந்தது. தன் மின்னஞ்சல் முகவரி எந்தெந்தக் கசிவுகளில் சிக்கியிருக்கிறது என்பதை, ஆஸ்திரேலியரான டிராய் ஹன்ட் 2013-இல் தொடங்கிய 'ஹேவ் ஐ பீன் போன்ட்' தளத்தில் எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம்.

இத்தனை கடவுச்சொற்களை எங்கே வைப்பது? பிட்வார்டன், கீபாஸ் போன்ற திறந்தமூலக் கருவிகள் உண்டு. அவை வசப்படாத பெரியவர்களுக்கு ஒரு நோட்டுப் புத்தகமே போதும். எழுதி வைக்காதே என்பது அலுவலகத்துக்குச் சொன்ன அறிவுரை. வெளிநாட்டிலிருந்து திருடுகிறவனுக்குப் பீரோவில் உள்ள நோட்டு எட்டாது. கவனம் முழுவதும் குவிய வேண்டிய இடம் மின்னஞ்சல் கணக்கு. வங்கி, வருமான வரி, ரயில் முன்பதிவு, புகைப்படங்கள் எல்லாவற்றுக்கும் 'கடவுச்சொல் மறந்துவிட்டது' என்று அழுத்தினால் இணைப்பு வந்து சேரும் இடம் அதுதான். மொத்த வீட்டின் சாவிக்கொத்தும் தொங்கும் ஆணி அது. அந்தக் கணக்குக்கு வேறெங்கும் இல்லாத நீண்ட கடவுச்சொல்லும், செயலி வழியிலான இரண்டாம் கட்டச் சரிபார்ப்பும் இருந்தால் மற்றவற்றில் சிறு அசட்டை கூடப் பெரும் சேதமாகாது.

இரண்டாம் கட்டத்துக்குப் பெரும்பாலானோர் நம்பியிருப்பது கைப்பேசி எண்ணை. இங்கேதான் வீட்டு வழக்கம் தொழில்நுட்பத்தோடு மோசமாக முட்டுகிறது. பாட்டியின் வங்கிக் கணக்கு, அம்மாவின் ஆதார், கேஸ் இணைப்பு, ரேஷன் ஸ்மார்ட் அட்டை, மகளின் கல்லூரி விண்ணப்பம் என எல்லாவற்றுக்கும் அப்பாவின் எண்ணைக் கொடுப்பது வழக்கம். விடுதியில் இருக்கும் மகள் எதற்காவது விண்ணப்பிக்கும்போது ஓடிபி அப்பாவின் கைப்பேசிக்கு வருகிறது. அவள் அழைத்துக் கேட்கிறாள், அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு ஆறு இலக்கங்களையும் நிதானமாகப் படித்துச் சொல்கிறார். மாதத்துக்குப் பலமுறை இது நடக்கிறது. ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று வங்கிகள் எவ்வளவு விளம்பரம் செய்தாலும், தொலைபேசியில் கேட்டால் படித்துச் சொல்லும் பழக்கத்தை வீடே தினமும் ஊட்டி வளர்க்கிறது. மோசடிக்காரன் புதிதாக எதையும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆளுக்கு ஓர் எண், அவரவர் கணக்குக்கு அவரவர் எண் என்று மாற்றிக்கொடுக்க ஒரு விடுமுறை நாள் போதும். இந்த மடலில் உள்ள எல்லாவற்றிலும் அதிகப் பயன் தரும் வேலையும் அதுவே.

எண்ணுக்கு இன்னொரு குணம் உண்டு: அது நிரந்தரமல்ல. ரீசார்ஜ் செய்யாமல் விட்டு இணைப்பு துண்டிக்கப்பட்ட எண், 90 நாள்களுக்குப் பிறகு வேறொருவருக்கு வழங்கப்படலாம். பழைய சிம்மைத் தூக்கிப்போட்டு, வங்கியிலும் மின்னஞ்சலிலும் எண்ணை மாற்றாமல் விட்டவரின் ஓடிபி, முன்பின் தெரியாத ஒருவரின் கைப்பேசியில் போய் ஒலிக்கும். தன் பெயரில் எத்தனை சிம்கள் புழக்கத்தில் உள்ளன என்பதை மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். இந்தியாவின் பெரும்பாலான பகுதிகளில் ஒருவர் பெயரில் ஒன்பது இணைப்புகள் வரை அனுமதி என்பதால், தனக்குத் தெரியாத எண் பட்டியலில் தென்படுவது அரிதல்ல.

வீடியோ அழைப்பில் போலீஸ் உடையில் தோன்றி 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டுவோர் கடந்த சில ஆண்டுகளாக ஓய்வுபெற்றவர்களையே குறிவைக்கிறார்கள். இந்தியச் சட்டத்தில் அப்படியொரு கைது கிடையாது. பணம் தருவதாகச் சொல்லி யுபிஐ பின் எண்ணைக் கேட்பதும் ஏமாற்றே: அந்த எண் பணம் கொடுப்பதற்குத்தான். பணம் வாங்க அது தேவையே இல்லை. பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் அழைத்துச் சொல்ல வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும் முன் முடக்க வாய்ப்பிருப்பது முதல் சில மணி நேரத்தில்தான். வெட்கப்பட்டு வீட்டாரிடம் மறைப்பதில் அந்த நேரம் கரைகிறது. ஏமாந்த பெரியவரைத் திட்டும் வீடுகளில் பணம் திரும்பும் வாய்ப்பும் குறைகிறது.

ஆவணங்கள் வெளியேறும் வழி பெரும்பாலும் தெருமுனை ஜெராக்ஸ் கடை. பிரிண்ட் எடுக்க ஆதார், பான் அட்டை, வங்கிப் பாஸ்புக் பக்கம் எல்லாவற்றையும் கடைக்காரரின் வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்புகிறார்கள். கடைக்காரர் நல்லவராகவே இருக்கலாம். அவர் கணினியின் 'டவுன்லோட்ஸ்' அடைவில் ஊரில் பாதிப் பேரின் அடையாள அட்டைகள் மாதக்கணக்கில் கிடக்கின்றன என்பதும், அந்தக் கணினியில் அடுத்து யார் உட்காருவார் என்பது அவருக்கே தெரியாது என்பதும்தான் சிக்கல். ஆதார் நகலைக் கண்ட இடத்தில் கொடுக்க வேண்டாம், இணைய மையக் கணினிகளில் ஆதாரைப் பதிவிறக்க வேண்டாம் என்று ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் 2022 மே மாதம் ஓர் எச்சரிக்கை விட்டது. தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்று சொல்லி இரண்டே நாளில் அது திரும்பப் பெறப்பட்டது. எச்சரிக்கையில் இருந்த விஷயம் என்னவோ சரிதான். ஆணையத்தின் தளத்திலேயே முதல் எட்டு இலக்கங்கள் மறைந்த 'மாஸ்க்டு' ஆதார் கிடைக்கிறது. விடுதி அறைக்கும் அதைப் போன்ற பல தேவைகளுக்கும் அதுவே போதும். பதிவிறக்கும் ஆதார் கோப்புக்குக் கடவுச்சொல் உண்டே என்று நிம்மதி கொள்ள வேண்டாம்: பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளும் பிறந்த ஆண்டும் சேர்ந்ததே அது, அந்தச் சூத்திரம் நாட்டுக்கே தெரியும். கைரேகைப் பதிவை ஆணையத்தின் செயலியில் பூட்டி வைக்கலாம். கைரேகையைப் போலி செய்து ஆதார் வழிப் பணமெடுப்பில் நடக்கும் திருட்டை அது தடுக்கும்.

வாட்ஸ்அப் 2016 முதல் செய்திகளை அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறெவரும் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்கிறது. வீட்டில் அது உடையும் விதம் எளிமையானது: பொதுக் கணினியில் ஒருநாள் வாட்ஸ்அப் வெப் திறந்து, வெளியேறாமல் விட்டுவிடுவது. செயலியின் 'லிங்க்டு டிவைசஸ்' பகுதியில் எந்தெந்தக் கணினிகளில் கணக்கு திறந்திருக்கிறது என்று பார்த்து வெளியேற்றலாம். கூகுள் டிரைவில் சேரும் அரட்டைக் காப்புப் பிரதிக்கும் குறியாக்கம் 2021 முதல் உண்டு, ஆனால் அதைத் தேடிப்போய் இயக்க வேண்டும். குடும்பக் குழுவில் பேரனின் முதல் பள்ளி நாள் படத்தைப் போடும் தாத்தா, சீருடையிலும் அடையாள அட்டையிலும் பள்ளியின் பெயர் தெரிவதைக் கவனிப்பதில்லை. அந்தப் படம் குழுவோடு நிற்பதும் இல்லை.

தமிழில் தட்டெழுதுவோர் பலர் ஏதேதோ விசைப்பலகைச் செயலிகளைப் போட்டிருக்கிறார்கள். கைப்பேசியில் தட்டும் ஒவ்வோர் எழுத்தும் அதன் வழியாகத்தான் போகிறது என்பதால், மற்ற எந்தச் செயலியைவிடவும் இதில் கண்டிப்பு வேண்டும். ஏஐ.டைப் எனும் விசைப்பலகைச் செயலியின் சுமார் 3.1 கோடிப் பயனர்களின் விவரங்கள் பூட்டில்லாத தரவுத்தளத்தில் கிடந்தது 2017 டிசம்பரில் தெரியவந்தது. ஆண்ட்ராய்டோடு வரும் கூகுள் விசைப்பலகையிலும் ஐபோனிலும் தமிழ் உண்டு. முகம் தெரியாத நிறுவனத்தின் வண்ணப் பலகைக்குத் தேவை இருப்பதாகத் தெரியவில்லை.

வைஃபை கருவியைப் பொருத்த வந்தவர் வாடிக்கையாளரின் கைப்பேசி எண்ணையே கடவுச்சொல்லாக வைத்துவிட்டுப் போவது வழக்கம். கருவியின் நிர்வாகப் பக்கத்துக்கோ பயனர் பெயரும் கடவுச்சொல்லும் 'அட்மின்' என்ற ஒரே சொல்தான். இரண்டு கடவுச்சொற்களையும் மாற்ற வேண்டும். வாசலில் மாட்டிய சிசிடிவி கேமராவுக்கும் இது பொருந்தும். 2016-இல் மிராய் எனும் தீநிரல், ஆலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாத கேமராக்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்து ஒரு படையாக்கி, அக்டோபர் 21 அன்று அமெரிக்காவில் பல பெரிய தளங்களை முடக்கியது. அந்தக் கேமராக்களின் சொந்தக்காரர்களுக்கு எதுவும் தெரியாது.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ உள்ளூர்க் கடையிலோ அசெம்பிள் செய்த கணினிகளில் கிராக் செய்த விண்டோஸ் இருப்பது புதிதல்ல. உரிமத்தை ஏமாற்றும் அந்தச் சிறு நிரல்கள் நிறுவும்போதே வைரஸ் தடுப்பை அணைக்கச் சொல்கின்றன. உள்ளே வருவது என்னவென்று கேட்காமல் காவலை அனுப்பிவிடுவதில் உள்ள ஆபத்து, மிச்சப்படும் சில ஆயிரம் ரூபாய்க்கு ஈடல்ல. கிராக் செய்தவர்கள் அப்டேட்டையும் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். 2017 மே 12 அன்று உலகைச் சுற்றிய வன்னாகிரை எனும் தீநிரல், மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே மார்ச்சில் அடைத்த ஓட்டை வழியாகத்தான் நுழைந்தது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. பதிவுசெய்துகொள்ளும் வீட்டுப் பயனர்களுக்கு ஓராண்டு நீட்டிப்பு கிடைத்தது. டிபிஎம் 2.0 எனும் பாதுகாப்புச் சில்லு இல்லாத பழைய கணினிகளில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. அவற்றைக் குப்பையில் போட வேண்டியதில்லை: லினக்ஸ் மின்ட், உபுண்டு ஆகியவற்றோடு, அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் உண்டு. உலாவி, மின்னஞ்சல், தமிழ்த் தட்டெழுத்து என்று நிற்கும் வீட்டுக்கு இவை தாராளம். டேலி போன்ற விண்டோஸ் கணக்கு மென்பொருள்களை நம்பிப் பிழைக்கும் வீட்டுக்கு இந்த யோசனை ஆகாது.

காப்புப் பிரதி பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறு இடத்தில் என்பது புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரப்பிய விதி. 2015 டிசம்பரில் சென்னைத் தரைத்தள வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தபோது, கணினியும் அதன் பக்கத்தில் இருந்த ஹார்டு டிஸ்க்கும் சேர்ந்தே நனைந்தன. பென் டிரைவ் எடுத்துச்செல்லத்தான், சேமித்துவைக்க அல்ல. கல்யாண வீடியோவும் வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேனும் நிறைந்த ஒரு டிஸ்க், மதுரையில் இருக்கும் அத்தை வீட்டுப் பரணில் கிடப்பது கூடுதல் பாதுகாப்பு.

கடைசியாக, கணினியை விட்டுக்கொடுக்கும் நாள். ஹார்டு டிஸ்க்கில் அழித்த கோப்பு உடனே மறைவதில்லை. அது இருந்த இடம் காலி என்ற குறிப்பு மட்டுமே மாறுகிறது, புதிய தரவு மேலே எழுதப்படும் வரை பழையது அங்கேயே இருக்கும். எம்ஐடியைச் சேர்ந்த சிம்சன் கார்ஃபிங்கலும் அபி ஷெலாட்டும் பழைய ஹார்டு டிஸ்க்குகள் 158 வாங்கிச் சோதித்து 2003-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். முறையாகத் துடைக்கப்பட்டவை 12 மட்டுமே. மற்றவற்றில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கிரெடிட் கார்டு எண்களும் மருத்துவக் கடிதங்களும் கிடைத்தன. விண்டோஸில் 'ரீசெட்' செய்யும்போது தரவையும் துடைக்கும் தேர்வை எடுக்க வேண்டும். பிட்லாக்கர் போன்ற குறியாக்கம் முன்பே இருந்திருந்தால் கவலை பாதியாகும். பழுதுக்குக் கொடுக்கும் கணினிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். திரை மாற்றத் திரைதான் வேண்டும், கடவுச்சொல் வேண்டியதில்லை. இயங்காத கணினியைப் பழைய இரும்புக்காரரிடம் போடுவதானால், ஸ்க்ரூ டிரைவரால் டிஸ்க்கை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் போடலாம். அதற்காக அவர் விலையைக் குறைக்கப்போவதும் இல்லை.